தோழிக்கென்று சொன்னது

விலை பேசுவதில் என்னை வெல்ல ஆளில்லை என்று முப்பது வருடமாக எனக்கு ஊரில் ஒரு பெயர். மீன்காரர் எங்கள் வாசல் படலையடியில் சைக்கிளை நிறுத்தினால் முதலிலேயே கடைசி விலையைச் சொல்லிவிடுவார். சந்தையில் மரக்கறி விற்கும் பெண்கள் என்னைக் கண்டதும் ஒருத்திக்கு ஒருத்தி கண் காட்டுவார்கள், "ரீச்சர் வாறா" என்று. அதையெல்லாம் நான் பெருமையாகத்தான் எடுத்துக்கொண்டேன். இப்போது அந்தப் பெயரை நினைத்தாலே முகம் சுடுகிறது.

எனக்கு ஒரே ஒரு மகள். அவளுக்குக் கலியாணம் பொருந்தி வந்தபோது மண்டபக்காரர், சமையற்காரர், படம் எடுக்கிறவர் என்று எல்லோருடனும் நானே நேரில் போய்ப் பேசினேன். என் கணவர் வாயில்லாத மனிசன்; அவரை அனுப்பினால் கேட்டதைக் கொடுத்துவிட்டு ஒரு சோடாவும் வாங்கிக் கொடுத்துவிட்டு வருவார். எல்லாம் முடிந்து மிஞ்சியது பொம்பிளை வெளிக்கிடுத்துகிற வேலை. மணப்பெண்ணுக்குச் சேலை உடுத்தி, தலை இழுத்து, முகத்துக்குப் போட்டு மணவறைக்கு அனுப்புவதை நாங்கள் அப்படித்தான் சொல்வோம். நல்லூர்ப் பக்கம் பார்லர் வைத்திருக்கிற ஒரு பிள்ளை நன்றாகச் செய்கிறாள் என்று மகள் நம்பர் தந்தாள். மகளின் சிநேகிதிகள் எல்லோரும் அவளிடம்தான் போனார்களாம்.

போன் எடுத்து, பொம்பிளைக்கு எவ்வளவு என்று கேட்டேன். அந்தப் பிள்ளை சொன்ன தொகையைக் கேட்டு எனக்குத் தலையைச் சுற்றியது. "சீலை கட்டித் தலை இழுக்க இவ்வளவோ?" என்றேன். "அதுக்குள்ளை நிறைய வேலை இருக்கு அன்ரி" என்று அவள் தொடங்க, போனை வைத்துவிட்டேன். ஆர் அன்ரி, எவளுக்கு அன்ரி என்று கணவரிடம் அரை மணித்தியாலம் கத்தினேன்.

இரண்டு நாள் கழித்து, கணவருடைய போனில் இருந்து திரும்ப எடுத்தேன். இந்தமுறை வேறு கதை. எங்கள் கலியாணங்களில் மாப்பிள்ளையின் தங்கச்சியோ அக்காவோ தோழியாகப் பொம்பிளைக்குப் பக்கத்தில் நிற்பாள். அந்தத் தோழிக்குச் சேலை உடுத்தி வெளிக்கிடுத்த எவ்வளவு எடுப்பீர்கள் என்று கேட்டேன். பொம்பிளைக்குக் கேட்டதில் மூன்றில் ஒரு பங்கு சொன்னாள். "நான் மாப்பிள்ளையின்ரை அம்மா. என்ரை மகள்தான் தோழி. வீட்டை வந்து செய்யவேணும்" என்றேன். எனக்கு ஆண் பிள்ளையே இல்லை. இல்லாத மகனுக்கு ஒரு போனிலேயே கலியாணம் பேசி முடித்துவிட்டேன்.

ஆயிரம் பொய் சொல்லியாவது ஒரு கலியாணத்தைச் செய் என்று சும்மாவா சொன்னார்கள், அந்த ஆயிரத்தில் இதுவும் ஒன்று என்று மனதுக்குச் சொல்லிக்கொண்டேன். அதே தலை, அதே முகம், அதே சேலை. பெயரை மாற்றினால் விலை மூன்று மடங்காகும் என்றால் பகற்கொள்ளைக்காரி அவளா நானா? அப்படித்தான் என் கணக்கு ஓடியது. இத்தனைக்கும் நான் ஓய்வு பெற்ற பிறகும் பிள்ளைகளுக்குக் கணக்கு ரியூசன் சொல்லிக் கொடுக்கிறவள். "ஒரு பாடம்தானே ரீச்சர், கொஞ்சம் குறையுங்கோவன்" என்று எந்தத் தாயாவது கேட்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அது அப்போது நினைவுக்கு வரவில்லை.

மகளுக்கு ஒன்றும் தெரியாது. "ட்ரயலுக்கு எப்ப வரச் சொன்னவ அம்மா? எல்லாருக்கும் ஒருக்கால் போட்டுப் பாத்துத்தானே செய்யிறவ" என்று இரண்டு தடவை கேட்டாள். "அவவுக்கு நல்ல அனுபவம் பிள்ளை. உன்ரை முகத்துக்கு ட்ரயல் தேவையில்லையாம்" என்றேன். பாவம், முகம் மலர்ந்து போனாள்.

கலியாண நாள் விடியற்புறம் ஆறு மணிக்கு அந்தப் பிள்ளை ஸ்கூட்டியில் வந்து இறங்கினாள். முப்பது வயதிருக்கும். கையில் ஒரு பை மட்டும். வாசலில் வாழை கட்டியிருந்தது. மாப்பிள்ளை வீட்டிலும் கட்டுவார்கள், அதனால் அவளுக்குச் சந்தேகம் வர நியாயமில்லை. ஆட்கள் கதைக்கிற சத்தம் கேட்டுக் கிணற்றடிப் பக்கம் போனாள். அங்கே என் மகள் கிழக்குப் பார்த்துப் பலகையில் இருக்கிறாள். சொந்தக்காரர் ஒவ்வொருவராக வந்து அவள் தலையில் பாலும் அறுகம்புல்லும் வைக்கிறார்கள். கலியாணத்தன்று பாலறுகு வைத்து முழுகுகிறவள் தோழியாக இருக்க முடியாது. இதைத் தெரிந்துகொள்ள யாழ்ப்பாணத்தில் ஒருவரிடமும் விளக்கம் கேட்கத் தேவையில்லை.

அவள் மதில் மூலையில் அப்படியே நின்றாள். பிறகு என்னைப் பார்த்தாள். நான் ஓடிப்போய் அவளைக் குசினிக்குப் பின்பக்கம் கூட்டிக்கொண்டு வந்தேன்.

"அன்ரி, நீங்கள் தோழிக்கு எண்டுதானே சொன்னனீங்கள்?"

எனக்கு வெட்கம் வந்திருக்க வேண்டும். கோபம்தான் வந்தது. "என்ன பிள்ளை பெரிய வித்தியாசம்? தலை ஒண்டுதானே, சீலை ஒண்டுதானே?"

"சீலை ஒண்டில்லை அன்ரி. இரண்டு" என்றாள். "கூறை இருக்கு."

 மணவறைக்குப் போகும்போது ஒரு சேலை. கன்னிகாதானம் முடிந்து, மாப்பிள்ளை கூறையைக் கையில் கொடுத்த பிறகு பொம்பிளை உள்ளே போய் அதை உடுத்திக்கொண்டு வரவேண்டும். அதற்குப் பிறகுதான் தாலி. நானும் அப்படித்தான் தாலி கட்டிக்கொண்டேன். விலை பேசுகிற அவசரத்தில் என் மகளின் கூறையையே மறந்திருந்தேன்.

அவள் குரலை உயர்த்தவில்லை. ஒவ்வொன்றாகச் சொன்னாள். "தோழி எண்டால் சீலையைக் கட்டிவிட்டுட்டு நான் போகலாம். பொம்பிளை எண்டால் தாலி ஏறும் மட்டும் நிக்கவேணும். உதவிக்கு ஒரு பிள்ளை கூட்டிக்கொண்டு வருவன். முகத்துக்கு எது ஒத்துவரும் எண்டு முதலே போட்டுப் பாப்பன். தலைச்சாமான், சடை, பூ எல்லாம் கொண்டருவன். அந்த நாள் வேறை ஒரு இடமும் எடுக்கமாட்டன் அன்ரி. நான் கேக்கிறது அந்த முழு நாளுக்குமான காசு. இண்டைக்குத் தோழிதானே எண்டு பதினொரு மணிக்குச் சாவகச்சேரியிலை ஒரு சாமத்தியவீட்டுக்கும் ஓம் எண்டிட்டன்."

"அப்ப நீ போகப்போறியோ?" என்று கேட்டேன்.  போனால் வேறு ஆளில்லை. மண்டபத்தில் மாப்பிள்ளை வீட்டார் நிறைந்திருப்பார்கள். என் மகள் எதை உடுத்து, எப்படிப் போய் நிற்பாள்?

அவள் பதில் சொல்ல முதல், முழுகிய ஈரத்தலையில் துவாயைச் சுற்றிக்கொண்டு மகள் வந்துவிட்டாள். "அக்கா, வந்திட்டியளோ? ட்ரயல் இல்லை எண்டவுடனை எனக்குக் கொஞ்சம் பயமாத்தான் இருந்தது. அம்மாதான் சொன்னவ, என்ரை முகத்துக்கு அது தேவையில்லை எண்டு நீங்கள் சொன்னனீங்களாம்."

அந்தப் பிள்ளை என்னை ஒரு பார்வை பார்த்தாள். இன்றுவரைக்கும் என்னை ஆரும் அப்படிப் பார்த்ததில்லை.

"ஓம் தங்கச்சி" என்றாள். "நல்ல முகம் உங்களுக்கு. போய்த் தலையைத் துவட்டுங்கோ, வாறன்."

பிறகு முற்றத்துக்குப் போய்ப் போன் எடுத்தாள். ஓட்டோ பிடித்துத் தலைச்சாமானையும் சடையையும் கொண்டுவரச் சொல்லித் தன் கடைப் பிள்ளைக்கு முதலில் சொன்னாள். அடுத்தது சாவகச்சேரியில் பூப்பு நீராட்டு வைத்திருந்த அந்த வீட்டுக்கு. அந்தப் பக்கத்தில் ஒரு தாய் கத்துவது எனக்கே கேட்டது. இவள் திரும்பத் திரும்ப ஒன்றைத்தான் சொன்னாள்: "ஓம் அம்மா, விளங்குது. வேறை ஒரு ஆளை அனுப்பிவிடுறன். பிழை என்னிலைதான். மன்னிச்சுக்கொள்ளுங்கோ." நான் யன்னலுக்குப் பின்னால் நின்று கேட்டேன். வெளியே போய், பிழை என்னில்தான் என்று அந்தப் போனை வாங்கிச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. வந்த சனத்துக்குத் தேத்தண்ணி கொடுக்கப் போய்விட்டேன்.

அவளுடைய கெட்டித்தனம் பற்றிப் பொய் சொல்லக் கூடாது. அந்தப் பிள்ளை மகளை வெளிக்கிடுத்தின விதத்தைப் பார்த்து நானே வாயடைத்து நின்றேன். முன்னமே பார்க்காத முகம். எது பூசினால் தடிக்கும், எது தடிக்காது என்று தெரியாது. காதுக்குப் பின்னால் துளி துளியாகப் பூசி, பொறுத்துப் பார்த்து, பிறகுதான் கன்னத்துக்கு வந்தாள். தலைச்சாமான் வரும்வரை நேரத்தை வீணாக்காமல் பின்னலைப் பின்னிவைத்தாள். மண்டபத்துக்கு வெளிக்கிடும்போது என் மகளை எனக்கே அடையாளம் தெரியவில்லை.

கூறை மாற்றுகிற நேரம்தான் என் உயிர் போய் வந்தது. கூறையை எடுத்தது மாப்பிள்ளை வீட்டார்; அதற்குச் சட்டை தைப்பித்தது நான். தையற்காரியோடும் விலைக்கு அடிபட்டுத்தான் தைப்பித்தேன், அவளும் கொடுத்த காசுக்குத் தைத்திருந்தாள். மகள் கையை உயர்த்தின உடனே பக்கத் தையல் அக்குளில் இருந்து இடுப்பு வரை பிரிந்தது. வெளியே மேளம். சுபமுகூர்த்தம் முடிய இருபது நிமிடமும் இல்லை. என் மச்சாள், கணவரின் தங்கச்சி, கதவடியில் நின்று, "ஐயர் இரண்டாந்தரம் கேட்டிட்டார், கெதியாக் கொண்டுவாங்கோ" என்கிறாள். மகள் அழத் தொடங்கிவிட்டாள். அழுதால் கண் மை வழியும். வழிந்தால் அதுவும் போச்சு.

அந்தப் பிள்ளை நிலத்தில் முழங்கால் குத்தி இருந்தாள். வாயில் நாலைந்து பின், கையில் ஊசி நூல். உடம்போடு வைத்துச் சட்டையைத் தைத்தாள். "தங்கச்சி, மூச்சை உள்ளை இழுத்துப் பிடியுங்கோ. ஊசி குத்தாது. குத்தினாலும் எனக்குத்தான் குத்தும்" என்றாள். மகள் அழுகையின் நடுவில் சிரித்துவிட்டாள். தையல் முடிந்ததும் கூறையைச் சுற்றி, கொய்யக மடிப்புப் பிடித்து, தலைச்சாமானை நேராக்கி, முகத்து வியர்வையை ஒற்றி எடுத்து, மாலையைப் போட்டுக் கதவைத் திறந்துவிட்டாள். மாப்பிள்ளையின் தங்கச்சி, அவள்தான் உண்மையான தோழி, மகளின் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனாள். அந்தத் தோழிக்கு முன்தலை கலைந்து கிடந்தது. சபையில் ஒருவர்கூட அதைப் பார்க்கவில்லை. எல்லாக் கண்ணும் என் மகளில்தான். ஒரு பெயருக்கு ஏன் அவ்வளவு விலை என்று அப்போதுதான் எனக்கு மண்டையில் ஏறியது.

ஏறி என்ன பிரயோசனம்? தாலி ஏறி ஒரு மணித்தியாலம்கூட இல்லை, சாப்பாட்டு மேசையில் மச்சாள் கேட்டாள்: "பொம்பிளை வடிவெண்டால் வடிவு. உவ எவ்வளவு வாங்கினவ மச்சாள்?"

எலும்பில்லாத நாக்கு. நான் பேசின அந்தத் தொகையைச் சொன்னேன். மேசையில் இருந்த பெண்கள் எல்லோரும் வாயைப் பிளந்தார்கள். அதோடாவது விட்டேனா? "கேட்டதைக் குடுக்கிறதுக்கு நாங்கள் என்ன வெளிநாட்டுக்காரரோ? கதைக்கிற விதத்திலை கதைச்சால் குறைப்பினம்" என்றேன். சொல்லிவிட்டு நிமிர்ந்தால், பின்மேசையில் அந்தப் பிள்ளை. விடியத் தொடக்கம் பச்சைத் தண்ணீர் படாத வாய். சோற்றைப் பிசைந்த கை அப்படியே நின்றது. பிறகு ஒன்றும் கேளாதவள் போலச் சாப்பிட்டாள்.

போகும்போது, பேசின காசை உறையில் வைத்துக் கொடுத்தேன். பேசின காசை மட்டும். கூட ஒரு தாளை வைக்கக் கையை விட்டேன், வைத்தால் நான் செய்தது பிழை என்று ஆகிவிடுமே என்று கையை எடுத்துவிட்டேன். அவள் உறையைத் திறந்து பார்க்கவில்லை. "பிள்ளைக்குக் கண் பட்டிருக்கும் அன்ரி, பின்னேரம் சுத்திப் போடுங்கோ. போட்டு வாறன்" என்று சொல்லிவிட்டு ஸ்கூட்டியில் ஏறினாள்.

ஊர் வாய்க்கு உலைமூடி இல்லை. நான் மேசையில் சொன்ன விலை எங்கள் இணுவில் தாண்டி, நல்லூர் போய், எங்கெங்கேயோ போனது. இரண்டு மாதத்துக்குப் பிறகு, என்னிடம் படிக்கிற ஒரு பிள்ளையின் தாய் வாசலில் நின்று சொன்னாள்: "ரீச்சர், உங்கடை மகளுக்குச் செய்தவவைத்தான் எங்கடை தங்கச்சிக்கும் கேட்டனாங்கள். மூண்டு மடங்கு கேக்கிறா. ஆளைப் பாத்து விலை சொல்லுறா போலை. உப்பிடிப்பட்ட ஆக்களை நம்பேலாது." அவர்கள் வேறு ஆளைப் பிடித்துவிட்டார்களாம். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "ஓமோ" என்றேன். அவ்வளவுதான். கள்ளி நான், கள்ளி என்ற பெயர் அந்தப் பிள்ளைக்கு. அவளுடைய பிழைப்பே அந்தப் பெயரில்தான் இருக்கிறது. தெரிந்துகொண்டும் பேசாமல் இருந்தேன். ஒரு தடவை இல்லை, மூன்று நான்கு பேர் அப்படி வந்து சொன்னார்கள்.

போன மாதம் மச்சாள் வந்தாள். அவளுடைய மகளுக்கும் கலியாணம் சரிவந்திருக்கிறது. என் மகளும் அன்று வீட்டில் நின்றாள், எங்களுக்குத் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தாள். மச்சாள் என் முன்னாலேயே இருந்து அந்தப் பிள்ளைக்குப் போன் எடுத்து, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி ஸ்பீக்கரில் போட்டாள்.

"பிள்ளை, நான் இணுவில் ரீச்சரின்ரை மச்சாள். என்ரை மகளைப் பொம்பிளை வெளிக்கிடுத்தவேணும். ரீச்சருக்குச் செய்த காசுக்குத்தான் எனக்கும் செய்யவேணும், சொல்லிப்போட்டன்."

"இல்லை அன்ரி, பொம்பிளைக்கு எண்டால் அந்தக் காசுக்குக் கட்டாது."

"அப்ப ரீச்சர் எங்களுக்குப் பொய்யே சொன்னவ? உங்கை பக்கத்திலைதான் இருக்கிறா. கேக்கட்டோ?"

 ஒரு சொல் போதும் அவளுக்கு. ஓம், பொய்தான், தோழி என்று சொல்லி என்னை ஏமாற்றினவ என்று சொல்லியிருந்தால், அவளுடைய பெயர் அன்றைக்கே வெளுத்திருக்கும். 

"அவ பொய் சொல்லேல்லை அன்ரி" என்றாள். "அவவிட்டை நான் அவ்வளவுதான் வாங்கினனான்."

"பாத்தியளே. அப்ப எனக்கு மட்டும் என்ன கூட? ஆளுக்கொரு விலையோ?"

 பிறகு களைத்துப்போன குரலில், "சரி அன்ரி. அதே காசுக்குச் செய்யிறன். திகதியைச் சொல்லுங்கோ" என்றாள்.

மச்சாள் என்னைப் பார்த்து வெற்றியாகக் கண்ணடித்தாள். "பாவம் மாமி அந்த அக்கா" என்றாள் மகள்.

அதற்கு மேல் என்னால் இருக்க முடியவில்லை. "மச்சாள், போனை வையாதேங்கோ" என்றேன். மகள் பக்கம் திரும்பினேன். "பிள்ளை, நீயும் கேள். நான் இவவைக் கூப்பிட்டது பொம்பிளைக்கு எண்டு இல்லை. தோழிக்கு எண்டு சொல்லித்தான் கூப்பிட்டனான். மாப்பிள்ளையின்ரை தாய் எண்டு பொய் சொன்னனான். வீட்டை வந்த பிறகுதான் இந்தப் பிள்ளைக்குத் தெரியும். உன்ரை முகத்துக்காக நிண்டு செய்துபோட்டுப் போனவ. நான் சொன்ன விலை பொம்பிளை விலை இல்லை."

 போனில் இருந்து, "பொம்பிளைக்கு எண்டால் பொம்பிளைக் காசுதான் அன்ரி. யோசிச்சுச் சொல்லுங்கோ" என்று மெல்லக் கேட்டது. பிறகு அவள் போனை வைத்துவிட்டாள்.

மச்சாள் காறித் துப்பியிருந்தாலும் தாங்கியிருப்பேன். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். "ஐயோ மச்சாள், உங்கடை மூளையே மூளை. எனக்கு இது தெரியாமல் போச்சே. நானும் தோழிக்கு எண்டு சொல்லியிருக்கலாம்" என்று என் தோளில் தட்டினாள்.

மகள் தேத்தண்ணிக் கோப்பையை மேசையில் வைத்தாள். கலியாணம் முடிந்து இவ்வளவு நாளும், எல்லோரிடமும் தன் படத்தைக் காட்டி, ட்ரயல்கூடத் தேவைப்படாத முகம் என்று சொல்லிக்கொண்டு திரிந்தவள்.

"அப்ப என்ரை கலியாணத்துக்கு என்னைத் தோழி எண்டோ சொன்னனீங்கள் அம்மா?" என்று கேட்டாள்.

மச்சாள் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தாள்.